கடைக்குள் ஓடும் ஏ.சி. கரண்டும் டி.சி. கரண்டும்: வணிகர்கள் அறிய வேண்டியது



துவரம்பருப்பைக் கையில் அள்ளிய உடனே அது எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடுவோம். மிளகாய் வத்தலை ஒடித்துப் பார்த்தே ஈரத்தை மதிப்பிடுவோம். சரக்கின் தரம் தெரியாமல் கொள்முதல் செய்கிறவர் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் காலையில் கடை திறந்தது முதல் இரவு பூட்டும் வரை நம் கடைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சரக்கைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. மாதாமாதம் அதற்குப் பணம் மட்டும் கட்டுகிறோம். அந்தச் சரக்குதான் மின்சாரம்.

ஏ.சி. என்றால் குளிர்பெட்டி என்றுதான் நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மின்சாரத்திலேயே ஏ.சி., டி.சி. என்று இரண்டு ரகம் உண்டு, இரண்டும் வெவ்வேறு சரக்கு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் நஷ்டம் வரும் என்பதை நாங்கள் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடம் மற்றவர்களுக்காவது இலவசமாகக் கிடைக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்தின நாள். மண்டியில் கூட்டம் நிற்க இடமில்லை. மின்னணுத் தராசின் அடாப்டர் கீழே விழுந்து உடைந்துவிட்டது. கடைப் பையன் நல்ல எண்ணத்துடன் ஓடிப்போய், பரணில் கிடந்த வேறொரு பழைய அடாப்டரைக் கொண்டுவந்து சொருகினான். சொருகு அச்சாகப் பொருந்தியது. அடுத்த நொடியில் கருகிய வாசனை வந்து, தராசின் எண்கள் அணைந்துபோயின. பழைய கைத்தராசு ஒன்று இருந்தது. ஆனால் அதற்கு முத்திரை வைத்துப் பல ஆண்டு ஆகியிருந்தது. முத்திரையில்லாத தராசில் எடை போடுவது குற்றம் என்பதால் அதை எடுக்கவும் வழியில்லை. பக்கத்துக் கடைக்காரர் தம் இரண்டாவது தராசைக் கொடுத்து உதவியிராவிட்டால் அன்றைய வியாபாரம் போயிருக்கும். பின்னர் தராசைப் பழுது பார்த்து, மறுபடி முத்திரை வைத்து எடுப்பதற்குள் ஆன செலவும் அலைச்சலும் தனி.

பழுது பார்த்தவர் அந்தப் பழைய அடாப்டரை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, சொருகு பொருந்தினால் போதுமா? எழுத்தைப் பார்க்க வேண்டாமா? இது ஏ.சி. கொடுக்கிற அடாப்டர். உங்கள் தராசு டி.சி. தின்கிறது" என்றார். நாம் கல்லாவில் உட்கார்ந்து நாற்பது வருடம் ஆகிறது. அந்த ஒரு வரியின் பொருள் நமக்கு அன்று விளங்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு ரகம்

டி.சி. என்பது நேர்திசை மின்சாரம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எப்போதும் ஒரே திசையில் ஓடும். ஏ.சி. என்பது மாறுதிசை மின்சாரம். முன்னும் பின்னுமாக ஓடும். நம் நாட்டில் கம்பத்திலிருந்து கடைக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. அதாவது ஒரு வினாடிக்குள் 50 தடவை போய் 50 தடவை திரும்புகிறது. ஒரே வினாடியில் 100 முறை திசை மாறுகிறது.

முன்னும் பின்னும் போனால் வேலை எப்படி நடக்கும் என்று கேட்கலாம். மரம் அறுக்கும் ரம்பத்தைப் பாருங்கள். இழுக்கும்போதும் தள்ளும்போதும் மரம் அறுபடுகிறது. அதுபோல ஹீட்டர் கம்பி எந்தத் திசையில் கரண்ட் போனாலும் சூடாகிறது.

ஆனால் பேட்டரியின் விஷயம் வேறு. பேட்டரி ஒரு குடோன். சரக்கை ஏற்றுவது ஒரு திசை, இறக்குவது எதிர்த்திசை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலம் கலந்த நீரும் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க எடுக்க, அமிலத்தில் உள்ள கந்தகம் தகடுகளில் போய்ப் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது எதிர்த்திசையில் கரண்டைச் செலுத்துகிறோம். தகட்டில் படிந்தது மீண்டும் அமிலத்துக்கே திரும்புகிறது. இது ரசாயன வேலை, இதற்குத் திசை உண்டு. பேட்டரியில் ஏ.சி.யை நேரே கொடுத்தால் என்ன ஆகும்? பாதி நேரம் ஏற்றும், பாதி நேரம் இறக்கும். சார்ஜ் ஏறாது, சூடுதான் மிஞ்சும். அதுவும் 230 வோல்ட்டை நேரே கொடுத்தால் பேட்டரியே வெடித்துவிடும்.

ஆகவே எந்த பேட்டரியானாலும் சரி, டார்ச் லைட்டில் போடும் கட்டை, கைக்கடிகாரப் பொத்தான் செல், செல்போன் பேட்டரி, லாரி பேட்டரி, எல்லாம் டி.சி.தான் கொடுக்கும், சார்ஜ் ஏற்ற முடிந்தவை டி.சி.யைத்தான் வாங்கும். "ஏ.சி. பேட்டரி" என்று ஒன்று கிடையாது. அப்படி யாராவது விற்க வந்தால், உள்ளே மாற்றும் கருவி ஒன்று சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

வரலாற்றில் ஒரு சண்டை

மின்சாரத்தின் கதை தொடங்கியதே டி.சி.யில்தான். இத்தாலியைச் சேர்ந்த வோல்ட்டா 1800-இல் உலோகத் தட்டுகளை அடுக்கி முதல் பேட்டரியைச் செய்தார். நாம் இன்று இன்வெர்ட்டரில் வைத்திருக்கும் ஈய அமில பேட்டரியைப் பிரான்சில் பிளான்டே என்பவர் 1859-இல் கண்டுபிடித்தார். எடிசன் 1882-இல் நியூயார்க் நகரில் மின்நிலையம் தொடங்கி டி.சி. மின்சாரம் விற்றார். ஆனால் அவருடைய சரக்குக்கு ஒரு குறை இருந்தது, தூரம் போகாது. குறைந்த வோல்ட்டில் அனுப்பினால் வழியிலேயே கம்பியில் சூடாகி வீணாகும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மின்நிலையம் வேண்டியிருந்தது.

ஏ.சி.யை டிரான்ஸ்பார்மர் மூலம் எளிதாக உயர்ந்த வோல்ட்டுக்கு ஏற்றலாம். தொலைதூரம் அனுப்பிவிட்டு, தெருமுனையில் இறக்கிக்கொள்ளலாம். வெஸ்டிங்ஹவுசும் டெஸ்லாவும் இந்த முறையின் பக்கம் நின்றார்கள். 1896-இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பஃபலோ நகருக்கு ஏ.சி.யாகப் போய்ச் சேர்ந்தது. போக்குவரத்துச் செலவு யாருக்குக் குறைவோ அவருக்கே சந்தை என்பது நம் தொழிலில் மட்டும் உள்ள விதி அல்ல. ஆனாலும் நியூயார்க்கில் எடிசன் காலத்து டி.சி. வினியோகத்தின் கடைசி இணைப்பு 2007-இல்தான் துண்டிக்கப்பட்டது. நம் சென்னையிலும் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியபோது 1,500 வோல்ட் டி.சி.யில்தான் ஓடியது. பின்னர் அது 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றப்பட்டது.

இப்போது கடைக்குள் நிலைமை தலைகீழாகி வருகிறது. எல்.இ.டி. விளக்கு, செல்போன், பில் எந்திரம், கேமரா, கம்ப்யூட்டர் இவை அனைத்தும் உள்ளுக்குள் டி.சி.யில் வேலை செய்கின்றன. கூரை மேல் வைக்கும் சூரியத் தகடு கொடுப்பதும் டி.சி. கம்பத்திலிருந்து வருவது மட்டும் ஏ.சி. ஆகவே ஒவ்வொரு கடையிலும் இரண்டு ரகமும் பக்கத்தில் பக்கத்தில் புழங்குகின்றன. நாம் அறிந்தே ஆக வேண்டிய காரணம் இதுதான்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரகு

2012-ஆம் ஆண்டு மின்வெட்டில் நம்மில் பலர் அவசர அவசரமாக இன்வெர்ட்டர் வாங்கினோம். "நாலரை மணி நேரம் ஓடும்" என்ற பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் அணைந்தபோது விற்றவரைத் திட்டினோம். கணக்கு எங்கே தவறியது?

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. கடையில் விளக்கு, விசிறி, பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 400 வாட் என்றால், 1,800-ஐ 400-ஆல் வகுக்க நாலரை மணி நேரம் வருகிறது. காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் பேட்டரியில் இருப்பது டி.சி., விசிறிக்கு வேண்டியது ஏ.சி. நடுவில் மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் தன் தரகை எடுத்துக்கொள்ளும். மேலும், 150 என்று அச்சிட்டிருப்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. மூன்று மணி நேரத்தில் இழுத்தால் அவ்வளவு வராது. அடிவரை காலி செய்தால் பேட்டரியின் ஆயுளும் குறையும். இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடினால் அது நியாயமான கணக்கே.

திரும்ப ஏற்றும்போதும் ஏ.சி.யை டி.சி.யாக மாற்ற இன்னொரு தரகு. பேட்டரிக்குள் சூடாகப் போகும் சேதாரம் ஒன்று. மொத்தத்தில் 10 ரூபாய் மின்சாரத்தை உள்ளே போட்டால் வெளியே வருவது ஏறக்குறைய 6 ரூபாய்க்குத்தான். எனவே இன்வெர்ட்டரில் எதை ஓட்டுவது என்பதை யோசித்துத் தீர்மானிக்க வேண்டும். சாதாரண விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில், இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. இரண்டு விசிறி மாற்றினால் 90 வாட் மிச்சம். பெரிய பேட்டரி வாங்குவதைவிட இது பல கடைகளுக்கு லாபம். இன்வெர்ட்டர் வாங்கும்போது "சைன் வேவ்" ரகமாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான சதுர அலை ரகத்தில் விசிறி உறுமும், மோட்டார் சூடாகும்.

12 வோல்ட்தானே என்று இருக்க வேண்டாம்

12 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனாலேயே நமக்குப் பயம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் 400 வாட்டுக்கு, 230 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் கூட ஓடாது. பேட்டரி கம்பியில் 33 ஆம்பியருக்கு மேல் ஓடும். பேட்டரி கம்பி தடிமனாக இருப்பது இதனால்தான். முனை தளர்ந்திருந்தால் அந்த இடம் பழுக்கச் சூடாகும். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பு சிவக்கும். நம்மவர்கள் விரலில் மோதிரமும் மணிக்கட்டில் உலோகச் சங்கிலிக் கடிகாரமும் போட்டவர்கள். பேட்டரியில் கை வைக்கும் முன் இரண்டையும் கழற்றி வையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. ஒரு சிறு பொறி போதும், வெடிக்கும். எங்கள் குடோனில் சரக்கு வண்டியின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சார்ஜரை அணைக்காமல் கவ்வியைப் பிடுங்கினார் ஒரு தொழிலாளர். பொறி பறந்தது, பேட்டரியின் மேல்மூடி வெடித்து அமிலம் முகத்தில் தெறித்தது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கால் மணி நேரம் விடாமல் கண்ணைக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் பிழைத்தது. அந்தக் குடும்பத்தின் முன் நாம் தலைகுனிந்து நிற்கும் நிலை வராமல் போனது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல. அதே பேட்டரிக்கு நான்கு அடி தள்ளிக் கற்பூரப் பெட்டிகளும் தீப்பெட்டி பண்டல்களும் அடுக்கியிருந்தோம் என்பதை இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

எனவே பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி, சாக்கு எதுவும் அருகில் வேண்டாம். முதலில் சார்ஜரை அணைத்து, பிறகு கவ்வியை எடுங்கள். குறையும்போது வடிநீர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ அமிலமோ ஊற்றாதீர்கள். பாலுக்குப் பால்மானி வைத்துப் பார்ப்பதுபோல, அமிலத்துக்கு ஹைட்ரோமீட்டர் உண்டு. முழுச் சார்ஜில் அது 1,250-ஐ ஒட்டிக் காட்டும். 1,150-க்கு இறங்கினால் குடோன் காலி என்று அர்த்தம்.

சூரியத் தகடு வைக்கும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. ஏ.சி. வினாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுப் போவதால், சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். டி.சி.யில் அந்த இடைவெளி இல்லை. பொறி நீண்டு எரியும். ஆகவே டி.சி. கம்பியில் டி.சி.க்கென்றே செய்த சுவிட்சும் பியூசும்தான் போட வேண்டும். விலை குறைவு என்று வீட்டு சுவிட்சைப் போடுகிறவரை அனுமதிக்காதீர்கள்.

நாம் விற்பதும் இதுவே

இதுவரை சொன்னது நம் கடையின் பாதுகாப்பு. நம்மிடம் வாங்குகிறவரின் பாதுகாப்பும் நம் பொறுப்புதான். இன்று மளிகைக் கடையிலேயே பேட்டரி கட்டை, அடாப்டர், சார்ஜர், சார்ஜ் விளக்கு, விளையாட்டுச் சாமான் எல்லாம் விற்கிறோம். "ஒரு அடாப்டர் கொடுங்க" என்று கேட்டால், தொங்குவதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம். அது சரியா?

அடாப்டரின் முதுகில் எல்லாம் எழுதியிருக்கிறது. உள்ளே வாங்குவது ஒரு வரி, வெளியே கொடுப்பது ஒரு வரி. வெளியே கொடுக்கும் வரியில் நெளிந்த கோடு இருந்தால் ஏ.சி.; நேர்கோடும் அதன் கீழே புள்ளிக் கோடும் இருந்தால் டி.சி. வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர், கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. டி.சி. என்றால் சொருகின் நடுவில் பிளஸ்ஸா, மைனஸா என்று காட்டும் சிறு வட்டப் படமும் பொருந்த வேண்டும். இந்த நான்கையும் பார்க்க அரை நிமிடம் போதும். பழைய அடாப்டரையோ கருவியையோ கொண்டுவரச் சொல்லி, ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுங்கள். கொண்டுவராதவருக்கு "நாளை கொண்டுவாருங்கள்" என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். பத்து ரூபாய் லாபத்துக்காக வாடிக்கையாளரின் ஆயிரம் ரூபாய்க் கருவியைக் கருக்கினால் அவர் மறுபடி நம் படி ஏறுவாரா?

பொத்தான் செல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் செல்லைக் குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்டால், ஈரத்தின் வழியே டி.சி. கரண்ட் ஒரே திசையில் ஓடி, அந்த இடத்தில் காரத்தை உண்டாக்கி உணவுக்குழாயை அரித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம். உயிர் போனதும் உண்டு. வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்தச் செல் அட்டைகளைத்தான் நாம் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுகிறோம். இன்றே அதை எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் வையுங்கள். அட்டை பிரிந்த செல்லை விற்காதீர்கள்.

செய்ய வேண்டியது

"இதெல்லாம் எலக்ட்ரீசியன் வேலை, நமக்கேன்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நம் கடைக்குக் கணக்கர் இருக்கிறார். அதற்காகப் பேரேடு பார்க்கத் தெரியாத முதலாளியாக நாம் இருக்கிறோமா? கணக்கு எழுதுவது அவர் வேலை. எழுதியது சரியா என்று அறிவது நம் கடமை. கம்பி இழுப்பதை எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும். அதில் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் என்ன கேட்கிறோம், என்ன வாங்குகிறோம், என்ன விற்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் சங்கத்துக்கு நமது கோரிக்கை மூன்று. ஒன்று, மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உள்ளூர் ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவரை அழைத்து இதைக் கண்முன் செய்து காட்டச் சொல்ல வேண்டும். முதலாளிகள் மட்டும் வந்தால் போதாது. அடாப்டரைச் சொருகுகிறவர்கள் கடைப் பையன்கள், அவர்களையும் அனுப்ப வேண்டும். இரண்டு, ஏ.சி., டி.சி. குறிகளும் பேட்டரி எச்சரிக்கைகளும் அடங்கிய தமிழ் அட்டை ஒன்றை அச்சிட்டு உறுப்பினர் கடைகள் அனைத்திலும் மாட்ட வேண்டும். அச்சுச் செலவில் எங்கள் மண்டியின் பங்கைத் தரத் தயாராக இருக்கிறோம். மூன்று, எழுத்தே இல்லாத, கொடுக்கும் வோல்ட்டும் ரகமும் அச்சிடாத அடாப்டர்களை மொத்த வியாபாரிகளாகிய நாங்களே வாங்குவதில்லை என்று முடிவு எடுக்க வேண்டும். மொத்தக் கடையில் நின்றால் சில்லறைக் கடைக்கு அது வராது. எங்கள் மண்டியில் இதை ஏற்கெனவே தொடங்கிவிட்டோம். முதல் மாதம் விற்பனை கொஞ்சம் குறைந்தது. ஆனால் திரும்பி வரும் சரக்கும் குறைந்தது. கணக்குப் பார்த்தால் நஷ்டம் இல்லை.

வாங்குகிறவர் நம் தராசை நம்புகிறார், நம் சொல்லை நம்புகிறார். நாம் கொடுக்கும் பேட்டரியையும் அடாப்டரையும் அதே நம்பிக்கையில்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். இன்று இரவு கடையைப் பூட்டும் முன், உங்கள் கடையில் உள்ள அடாப்டர்களைத் திருப்பி அவற்றின் முதுகைப் படித்துப் பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் என்ன அடுக்கியிருக்கிறது என்றும் பாருங்கள்.

வாழ்க வணிகம்! வளர்க நம் ஒற்றுமை!